இருபதாயிரத்துக்குள் ஒரு டிராயிங் மேசை

ஏ1 தாளை மேசையில் விரித்துப் பார்த்த இன்ஜினியர் சார் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து, "இது சுவராம்மா, இல்ல அளவுக் கோடா?" என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். அளவுக் கோடுதான். சுவருக்குச் சமமாகத் தடித்துக் கிடந்தது. அது ஒன்று மட்டுமில்லை, படுக்கையறையைச் சுற்றிப் பாதிக் கோடுகள் அப்படித்தான் இருந்தன.

கம்ப்யூட்டரில் கேட் மென்பொருளை வைத்துப் பிளான் வரைகிறவர்களுக்குக் காரணம் சட்டென்று புரியும். எங்கள் வேலையில் கோட்டின் நிறத்தை வைத்துத்தான் பிரின்டில் அதன் தடிமன் வரும். வெள்ளை சுவருக்கு, அது 0.35 மில்லிமீட்டர். மஞ்சள் அளவுக் கோட்டுக்கு, அது 0.13. நான் மஞ்சளில் போட்டதாக நினைத்துக்கொண்டு வெள்ளையில் போட்டிருக்கிறேன். என் வீட்டு மானிட்டரில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. 17 இஞ்ச், சதுர மானிட்டர். உள்ளே இருக்கிற விளக்கு வயதாகி, வெள்ளையே பழைய வேட்டி நிறத்துக்கு வந்திருந்தது. மூன்று தாளையும் மறுபடி பிரின்ட் எடுத்த காசு என் கையிலிருந்து போனது. அதே மானிட்டருக்குப் பக்கத்தில், 3,200 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

பழைய பாகங்களைச் சேர்த்து வீட்டில் வரைபட வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர் தேற்றலாம் என்று நினைப்பவர்கள் நான் செலவழித்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டால் போதும்.

நான் சிவில் டிப்ளமோ. திண்டுக்கல்லில் ஒரு கட்டட அலுவலகத்தில் எட்டு வருடம் டிராயிங் போட்டேன். மகள் பிறந்ததும் நின்றேன். 2022இல் அவள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும், பழைய பழக்கத்தில் இரண்டு இன்ஜினியர்கள் பிளான் வேலை தர முன்வந்தார்கள். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்க விலை கேட்டால் ஐம்பதாயிரத்துக்குக் கீழே யாரும் பேசவில்லை. வேலை நிலைக்குமா என்றே தெரியாதபோது அவ்வளவு போட மனம் வரவில்லை.

முதலில் பரணில் கிடந்ததை இறக்கினோம். கல்யாணமான புதிதில் வாங்கிய கோர் 2 டியோ, 2 ஜிபி ரேம். ஆன் ஆனது, அதுவே பெரிய விஷயம். ஒரு தரைத்தளப் பிளானைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போய் வந்தேன், குக்கர் மூன்று விசில் அடித்தும் அது திறந்து முடியவில்லை. சரி, இது ஆகாது. அதன் கேபினெட்டும் மானிட்டரும் மட்டும் மிஞ்சின.

அப்புறம் சென்னையில் வேலை பார்க்கும் தம்பி போன் செய்தான். "அக்கா, எங்க ஆபீஸ்ல பழைய மிஷின் எல்லாத்தையும் கழிக்கிறாங்க. ஸ்டாஃபுக்கு 5,500 ரூபாய்க்குத் தர்றாங்க. ஹார்ட் டிஸ்க் இருக்காது, அதை அவங்களே எடுத்துருவாங்க. எடுக்கட்டுமா?" எடுத்தான். போர்வையில் சுற்றி ஆம்னி பஸ்ஸில் அனுப்பி வைத்தான். இன்டெல் ஐ5-4590, 4 ஜிபி ரேம். நான்காம் தலைமுறை, 2014 வாக்கில் வந்த பிராசஸர்.

திறந்தால் உள்ளே தூசி, கம்பளித் துணி மாதிரி படிந்திருந்தது. காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டு, பிராசஸர் மேலிருந்த விசிறியைக் கழற்றினோம். இடையில் இருக்க வேண்டிய பசை காய்ந்து, வெற்றிலைப் பெட்டியில் மறந்துபோன சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. துடைத்துவிட்டுப் புதுப் பசை ஒரு பட்டாணி அளவு வைத்தோம். அதுவரை ஏரோப்ளேன் மாதிரி இரைந்த விசிறி அடங்கிவிட்டது. ரேமின் பித்தளை நிறப் பற்களை மகளுடைய அழிரப்பரால் தேய்த்தேன். சர்வீஸ் கடைகளில் செய்கிற வேலைதான், ஆனால் தேய்த்த தூள் சாக்கெட்டுக்குள் போகக் கூடாது. வெளியே வைத்துத் தேய்த்து, ஊதிவிட்டுப் போட வேண்டும்.

அந்த மிஷினில் நான் முதலில் கவனித்தது 25 என்ற எண். ஒரு பெரிய கல்யாண மண்டபப் பிளானைத் திறந்து, படத்தை முழுக்க மறுபடி வரையச் சொல்லும் ரீஜென் கட்டளையைக் கொடுத்துவிட்டு டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். படம் திக்கித் திணறிக்கொண்டிருந்தது. பிராசஸர் பயன்பாடு மட்டும் 25 சதவீதத்தைத் தாண்டவில்லை. முக்கால்வாசி சும்மா இருக்கும்போது ஏன் திணற வேண்டும் என்று தம்பியிடம் கேட்டேன். "உன் பிராசஸர்ல நாலு கோர் இருக்கு. அதுல ஒண்ணு மட்டும் முழுசா உழைக்குது, மத்த மூணும் வேடிக்கை பாக்குது" என்றான். இருபரிமாண வரைபட வேலை பெரும்பாலும் ஒரே ஒரு கோரில்தான் ஓடும். நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தி மட்டும் பாத்திரம் தேய்ப்பது போல. அதனால் எத்தனை கோர் என்பதை விட, ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் நமக்குக் கணக்கு.

இது தெரிந்திருந்ததால்தான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரிய பள்ளத்தில் விழாமல் தப்பித்தேன். சின்னப் பள்ளத்தில் விழுந்தேன்.

ரேம், கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் வாங்க வேண்டியிருந்தது. காலை வைகையில் ஏறி எழும்பூரில் இறங்கி, ராத்திரி பாண்டியனில் திரும்புவதாகத் திட்டம். ரிச்சி ஸ்ட்ரீட் மவுண்ட் ரோட்டை ஒட்டிய சந்து, ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். முதல் கடையிலேயே, "கேட் வேலைக்கா மேடம்? அப்ப இதை எடுங்க" என்று ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினார்கள். சர்வரில் வருகிற ஸியான் பிராசஸர், ஒன்றுக்கு இரண்டு. மொத்தம் பதினாறு கோர், 32 ஜிபி ரேம், 18,000 ரூபாய். என் மிஷினைப் போல மூன்று மடங்கு கனம். பிராசஸர் எண்ணைக் கேட்டு போனில் தேடினேன். ஈ5-2650. அடிப்படை வேகம் 2.0 கிகாஹெர்ட்ஸ், அதிகபட்சம் 2.8. வீட்டில் இருக்கிற ஐ5 அடிப்படையே 3.3, அதிகபட்சம் 3.7. மண்டபப் பிளானைத் திறந்தால் பதினாறில் பதினைந்து பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வேண்டாம் என்றேன். முப்பரிமாணப் படங்களை ரெண்டரிங் செய்கிறவர்களுக்கு அது நல்ல மிஷின்தான், அந்த வேலையில் எல்லாக் கோரும் உழைக்கும். பிளான் போடுகிற எனக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

இவ்வளவு சாமர்த்தியம் பேசிவிட்டு, இரண்டாவது கடையில் ஏமாந்தேன். யாரும் ஏமாற்றவில்லை, நானாகத்தான். 8 ஜிபி ரேம் இரண்டு, சேர்த்து 900 ரூபாய் என்றார்கள். பக்கத்துக் கடையில் அதே அளவு 1,600. டிடிஆர்3தானே, 1600 வேகம்தானே என்று கேட்டு, ஆமாம் என்றதும் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து சொருகினேன். சரியாக உட்கார்ந்தது, கிளிக் என்று கூடச் சத்தம் வந்தது. ஆன் செய்தால் திரை இருட்டு. மிஷின் மட்டும் பீப் பீப் என்று அழுதது. அழிரப்பர், சாக்கெட் மாற்றிப் போடுதல், எல்லாம் செய்து பார்த்தாயிற்று.

விஷயம் லேபிளில் இருந்தது. 'பிசி3-12800' என்று அச்சிட்டு, அதன் வாலில் ஒரே ஒரு எழுத்து இருக்கும். 'யு' என்று இருந்தால் சாதாரண மேசைக் கம்ப்யூட்டருக்கானது. 'எஸ்' என்றால் லேப்டாப்புக்கு, அது நீளத்திலேயே குட்டை. 'ஆர்' என்றால் சர்வருக்கானது. அந்த சர்வர் ரேமின் நீளம், பற்கள், நடுவில் இருக்கும் வெட்டு எல்லாம் நம்முடையது போலவே இருப்பதால் உள்ளே போய்விடும், ஆனால் சாதாரண போர்டு அதை ஏற்காது. லேபிள் கிழிந்திருந்தால் ரேமின் நடுவே பாருங்கள். வரிசையாக நிற்கும் கறுப்புச் சிப்புகளுக்கு மத்தியில் வேறு அளவில் ஒரு சிப் தனியாக இருந்தால் அது சர்வர் ரேம். எனக்கு வந்தவை இரண்டிலும் இருந்தது. கடைக்காரர் போனில் நன்றாகத்தான் பேசினார். "மாத்தித் தர்றேன், கொண்டு வாங்க" என்றார். 900 ரூபாய் ரேமை மாற்ற நானூறு கிலோமீட்டர் போவதா? தம்பியிடம் சொல்லி 'யு' போட்டதை இரண்டு வாங்கி அனுப்பச் சொன்னேன், 1,600 ரூபாய். அந்தப் பச்சைக் கம்பிகள் இரண்டும் இன்னும் மேசை டிராயரில் கிடக்கின்றன, மகள் ஸ்கேலாக வைத்துக் கோடு போடுகிறாள்.

கிராபிக்ஸ் கார்டு கதையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். என்விடியா குவாட்ரோ கே620, 2 ஜிபி, பழையது. நல்ல கார்டு. 45 வாட்தான் குடிக்கும், மிஷினுக்குக் கரன்ட் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாக ஒயர் இழுக்க வேண்டாம். ஸ்லாட்டே 75 வாட் வரை தரும். ஒல்லியான கேபினெட்டுக்குக் கூடப் பொருந்துகிற சின்ன உருவம். ஆனால் எனக்கு அது தேவைப்பட்டதா? இல்லை. மண்டபப் பிளான் கார்டு போடும் முன் எவ்வளவு நேரம் எடுத்ததோ, போட்ட பின்னும் ஏறக்குறைய அவ்வளவே எடுத்தது. எலிவேஷனை முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்கும்போது மட்டும் வழுக்கிக்கொண்டு போகிறது. அப்படிச் சுழற்றுகிற வேலை எனக்கு மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். பிளான், செக்ஷன், எலிவேஷன் என்று தட்டையாக வரைகிறவர்கள் பிராசஸரோடு வருகிற கிராபிக்ஸையே வைத்து ஆரம்பியுங்கள். போதவில்லை என்று கை சொன்னால் அப்போது வாங்கலாம்.

இந்த நேரத்தில் எங்கள் தெருவில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த அண்ணன் கடையைக் காலி செய்தார். மிச்சமிருந்ததை அள்ளிக்கொண்டு போகச் சொன்னார். நாலு ஹார்ட் டிஸ்க், இரண்டு எஸ்எம்பிஎஸ், பேட்டரி செத்த ஒரு யூபிஎஸ், ஒரு கீபோர்டு. கீபோர்டுக்கு மட்டும் 300 ரூபாய் வாங்கிக்கொண்டார், அதன் அருமை தெரிந்தவர்.

எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கையில் எடுத்ததுமே சந்தேகம் வந்தது. மேலே 450 வாட் என்று போட்டிருக்கிறது, கனம் ஒரு கிலோ கத்தரிக்காய் அளவுக்குக் கூட இல்லை. ஆபீஸ் மிஷினில் இருந்தது வெறும் 290 வாட், ஆனால் கல் மாதிரி கனம். இன்னொன்றின் விசிறிச் சல்லடை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே காய்ந்த பல்லி ஒன்று இரண்டு கம்பிகளுக்கு நடுவே பாலம் போட்டுக் கிடந்தது. நம் ஊரில் கம்ப்யூட்டர் சாவதற்குப் பல்லியும் எறும்பும் பெரிய காரணம். பின்பக்கம் கார்டு இல்லாத ஓட்டைகளைத் தகடு போட்டு மூடி வையுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து சரிபார்க்கும் வேலை மட்டும் வீட்டில் வேண்டாம், பிளக்கை உருவிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். பழைய மலிவு எஸ்எம்பிஎஸ் கெட்டால் தான் மட்டும் போகாது, போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். இரண்டையும் காயலான் கடைக்குக் கொடுத்துவிட்டேன்.

பரணில் இருந்து இறக்கிய கேபினெட் பெரியது, காற்றோட்டமானது. ஆபீஸ் போர்டை அதற்குள் மாற்றலாம் என்று ஒரு ஞாயிறு முழுக்க மல்லுக்கட்டினேன். முடியவில்லை. இப்படி அலுவலகத்துக்கென்று வருகிற மிஷின்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் இணைப்பு கடையில் கிடைக்கிற 24 பின் வகையாக இருக்காது, கம்பெனிக்கே உரிய வேறு வடிவம். முன்பக்க ஸ்விட்ச் ஒயரும் அப்படியே. அந்த மாதிரி மிஷின் வாங்கினால் அதன் பெட்டியிலேயே விட்டுவிடுவது நல்லது. எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து வாங்குங்கள், பின்னால் அதற்கு மாற்று தேடுவது கஷ்டம்.

எனக்கு நிஜமாக வலித்தது ஹார்ட் டிஸ்க்கில்தான். சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க், 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, புதிதாக 1,800 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். விண்டோஸும் மென்பொருளும் அதில். வேலைக் கோப்புகளை மட்டும் பிரௌசிங் சென்டர் டிஸ்க் ஒன்றில், டி டிரைவாகப் போட்டு வைத்தேன். 'சி டிரைவில் வேலையை வைக்காதே' என்பது அலுவலகத்தில் படித்த பாடம். டிஸ்க்கைக் கண்மூடித்தனமாகப் போடவில்லை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் நாலையும் பரிசோதித்தேன். இரண்டு மஞ்சள் எச்சரிக்கை காட்டின, ஒன்று எழுந்திருக்கவே இல்லை. ஒன்று மட்டும் நீலம், 'குட்' என்றது. ஆனால் அது ஓடியிருந்த நேரம் 41,000 மணி. இரவு பகலாக நாலரை வருடத்துக்கு மேல். அந்த எண்ணைப் பார்த்தும் நான் யோசிக்கவில்லை.

ஏழாவது மாதம், ஒரு மத்தியானம் டக் டக் என்று ஓசை வந்தது. மகள் ஏதோ தட்டுகிறாள் என்று நினைத்தேன். சேவ் கொடுத்தேன், சேவ் ஆகவில்லை. டி டிரைவ் காணாமல் போயிருந்தது. டிராயிங்குக்குப் பக்கத்திலேயே உருவாகும் பேக்கப் கோப்புகளும் அதே போல்டரில்தானே இருந்தன, சேர்ந்தே போய்விட்டன. காப்பாற்றியது ஆட்டோசேவ். அது சி டிரைவின் டெம்ப் போல்டரில் தனியாக விழுகிறது. மென்பொருளை மூடாமல், டெம்ப் போல்டரில் கடைசியாக எழுதப்பட்ட கோப்பை எஸ்எஸ்டியில் வேறு இடத்துக்கு நகல் எடுத்து, அதன் நீட்டிப்பை டிராயிங் கோப்புக்குரிய டிடபிள்யூஜி என்று மாற்றினேன், திறந்தது. மூடியிருந்தால் அதுவும் அழிந்திருக்கும். மற்ற வேலைகளை, சார்களுக்கு வாட்ஸாப்பிலும் மெயிலிலும் அனுப்பிய கோப்புகளில் இருந்து பொறுக்கி எடுத்தேன். மூன்று நாள் வேலை மட்டும் போயே போய்விட்டது.

இப்போது ஏற்பாடு வேறு. வேலை எஸ்எஸ்டியில். மிஞ்சிய பழைய டிஸ்க் ஒன்றில் சாயங்காலம் ஒரு நகல். கூகுள் டிரைவில் இன்னொரு நகல். ஆட்டோசேவ் பத்து நிமிடத்துக்கு ஒன்று. பழைய டிஸ்க்கை நகலுக்கு வைத்துக்கொள்ளலாம், மூலத்துக்கு வைக்காதீர்கள்.

அடுத்த வருடம் பொங்கலுக்கு ஐந்து நாள் ஊருக்குப் போனோம். சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போயிருந்தேன். வந்து போட்டால், தேதி தவறு என்று ஏதோ சொல்லிவிட்டு நீலத் திரை. மறுபடி மறுபடி நீலத் திரை. சர்வீஸுக்கு வந்தவர், "எஸ்எஸ்டி போயிருச்சுக்கா, ஃபார்மட் பண்ணிப் பாப்போம்" என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று தம்பிக்கு வீடியோ கால் போட்டேன். மிஷின் ஆன் ஆகும்போதே திறக்கிற பயாஸ் என்ற அமைப்புத் திரையைக் காட்டச் சொன்னான். ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். "அக்கா, நிப்பாட்டு. சாட்டா மோடு ரெய்டுன்னு இருக்கு பாரு. நான் ஏஹெச்சிஐ-ல வச்சேன்." மாற்றினேன். சேவ் கொடுத்தேன். ஒன்றுமே நடக்காதது போல விண்டோஸ் வந்து நின்றது.

நடந்தது இதுதான். போர்டில் ஒரு ரூபாய் அளவில் ஒரு பேட்டரி உண்டு, சிஆர்2032. அது தீர்ந்து போயிருந்தது. கரன்ட் வந்துகொண்டிருக்கும் வரை தெரியாது. ஐந்து நாள் கரன்டும் இல்லை, பேட்டரியும் இல்லை என்றதும், டிஸ்க்கை எப்படிப் படிப்பது என்கிற சாட்டா மோடு உட்பட அமைப்புகள் எல்லாம் கம்பெனி வைத்தபடி திரும்பிவிட்டன. முப்பது ரூபாய்ப் பேட்டரி. பழைய மிஷின் வாங்கிய அன்றே அதை மாற்றிவிடுங்கள், பயாஸின் எல்லாப் பக்கங்களையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மட் என்ற வார்த்தையை யார் சொன்னாலும், அரை மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

இனி மானிட்டருக்கு வருகிறேன். தடித்த அளவுக் கோட்டுக்குப் பிறகு, பழைய 24 இஞ்ச் மானிட்டர் ஒன்று 5,500 ரூபாய்க்கு வாங்கினேன். 1920க்கு 1200. கடைகளில் மலிவாகக் கிடைப்பவை 1920க்கு 1080. அந்தக் கூடுதல் 120 வரி பார்க்கக் கொஞ்சமாகத் தெரியலாம். ஆனால் மேலே மெனு, கீழே கட்டளை வரி என்று மென்பொருளே இடத்தைத் தின்றுவிடுகிறது, வரைய மிஞ்சுகிற உயரம் கூடுவது கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது. கடையில் மானிட்டரை வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று முழுத் திரைப் படங்கள் போட்டுப் பார்த்தேன். வெள்ளையில் மூலைகள் மஞ்சள் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறுப்பில், அணையாமல் சிக்கிக்கொண்ட புள்ளிகள் மினுங்கும். போனில் என் டிராயிங் ஒன்றின் ஸ்க்ரீன்ஷாட் கொண்டு போயிருந்தேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடும் மஞ்சள் கோடும் பக்கம் பக்கமாக. அதைவிடச் சிறந்த சோதனை எனக்கு வேறு தெரியாது.

மானிட்டர் மாறியும் முதல் இரண்டு நாள் கோடுகள் மங்கலாகவே இருந்தன. கண்ணாடி பவர் கூடிவிட்டதோ என்று பயந்தேன். கேபிள்தான் காரணம். பழைய மானிட்டரின் நீல முனை விஜிஏ கேபிளையே இதற்கும் மாட்டியிருந்தேன். விஜிஏ படத்தைப் புள்ளி புள்ளியாக அனுப்பாது, அலையாக மாற்றி அனுப்பும். மானிட்டர் அதைத் திரும்பப் புள்ளியாக்கும்போது, ஒரு புள்ளி அகலக் கோடு பக்கத்துப் புள்ளியிலும் கொஞ்சம் கசியும். சினிமா பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. எங்கள் படம் முழுக்க ஒரு புள்ளி அகலக் கோடுகள்தான். படத்தைப் புள்ளி புள்ளியாகவே அனுப்பும் டிவிஐ துளை கார்டில் இருந்தது, அதற்கு மாற்றியதும், ஜன்னலின் மூன்று கோடுகளும் தனித்தனியாக நின்றன. அதுவரை மூடிய இடத்தைக் கோடுகளால் நிரப்பும் ஹேட்ச் நிரம்ப மறுக்கும்போது எந்த மூலையில் இடைவெளி என்று பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடுவேன். இப்போது பாதி நேரம் பார்த்தவுடன் தெரிகிறது. கார்டு இல்லாதவர்கள், போர்டில் டிஸ்ப்ளே போர்ட் இருந்தால் ஒரு கன்வெர்ட்டர் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பழைய சதுர மானிட்டரைத் தூக்கிப் போடவில்லை. அதைத்தான் விஜிஏ கன்வெர்ட்டர் வழியாகப் பக்கத்தில் இரண்டாவதாக வைத்திருக்கிறேன். சைட்டில் எடுத்த அளவுகளை ஒரு நோட்டில் கிறுக்கி, போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அது இடப்பக்கம், வரைவது வலப்பக்கம். இரண்டிலும் புள்ளியின் அளவு கிட்டத்தட்ட ஒன்று, 17 இஞ்சில் 0.264 மில்லிமீட்டர், 24இல் 0.27. அதனால் ஜன்னலை இங்கிருந்து அங்கே இழுத்தால் எழுத்து திடீரென்று சின்னதாகவோ பெரிதாகவோ ஆவதில்லை. நிறத்தை மட்டும் அதில் பார்த்து முடிவு செய்வதில்லை.

300 ரூபாய்க் கீபோர்டு டிவிஎஸ் கோல்டு. டிடிபி சென்டர்களில் வேலை பார்த்தவர்களுக்கு அதன் சத்தம் தெரியும். எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன, விசைகள் ஒன்று கூட ஒட்டவில்லை. நாள் முழுக்க எண் பலகையில் அளவு தட்டுகிறவளுக்கு அதைப் போல விரலுக்கு இதம் வேறில்லை. ராத்திரி மட்டும் அத்தை, "யாரும்மா அங்க டைப்ரைட்டிங் கிளாஸ் நடத்துறது?" என்பார்கள். அதனால் பத்து மணிக்கு மேல் சாதாரணக் கீபோர்டு. மவுஸ் மட்டும் பழையது வேண்டவே வேண்டாம். கேட் வேலையில் நடுச் சக்கரத்தை அழுத்திக்கொண்டுதான் படத்தை நகர்த்துகிறோம், நாளைக்கு ஆயிரம் தடவை. பழைய மவுஸில் சக்கரம் முன்னால் உருட்டினால் ஒரு அடி பின்னால் குதிக்கும். 600 ரூபாய்க்குப் புதிது வாங்கினேன்.

மேசை, வீட்டுக்காரர் கழற்றி வைத்திருந்த பழைய பிளஷ் டோர். ஆசாரி 400 ரூபாய் வாங்கிக்கொண்டு கால் அடித்துத் தந்தார். தாழ்ப்பாள் ஓட்டை வழியாக ஒயர்கள் கீழே இறங்குகின்றன. யூபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி புதிதாக 1,000 ரூபாய். கரன்ட் போனால் சேவ் செய்து மூட நேரம் தருகிறது, அது போதும்.

சில்லறைச் செலவுகளை விட்டால் மொத்தம் 20,800. பச்சைக் கம்பிகளுக்குப் போன தொள்ளாயிரத்தைக் கழித்தால் 19,900. தலைப்பில் இருபதாயிரம் என்று போட்டது அந்தத் தைரியத்தில்தான். மென்பொருள் இதில் சேரவில்லை. டிடபிள்யூஜி கோப்பைத் திறந்து வரைய, ஒரே தடவை பணம் கட்டினால் போதும் என்கிற மென்பொருளை வாங்கினேன். கம்ப்யூட்டரை விட அதற்குத்தான் அதிகம் செலவானது. லிப்ரேகேட் இலவசம், தனக்கென்று வரைகிறவர்களுக்குப் போதும். ஆனால் அது டிஎக்ஸ்எஃப் என்ற வேறு கோப்பு வகையில் வாழ்கிறது, எனக்கு வருகிற போகிற கோப்புகள் எல்லாம் டிடபிள்யூஜி. கிராக் செய்த பிரதியை ஒருவர் பென் டிரைவில் கொடுத்தார். அந்தப் பென் டிரைவில் ஒவ்வொரு டிராயிங் போல்டரிலும் 'அகேட்டாக்' என்று ஒரு எல்எஸ்பி கோப்பு உட்கார்ந்திருந்தது. போல்டருக்குப் போல்டர் தொற்றுகிற பழைய கேட் வைரஸ். இப்போது யார் பென் டிரைவ் வந்தாலும் முதலில் அந்தப் பெயரைத் தேடி அழித்துவிட்டுத்தான் டிராயிங்கைத் தொடுகிறேன்.

இன்று இதே வேலையை ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு விஷயம் மாறிவிட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். என் நான்காம் தலைமுறை அந்தப் பட்டியலில் இல்லை. பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டிக்கும் வசதியில் பதிந்து வைத்திருக்கிறேன். மெயில், வங்கி எல்லாம் போனில். வரைகிற மிஷினில் பிரௌசரையே திறப்பதில்லை, சாயங்கால நகலுக்கு மட்டும்தான் இன்டர்நெட்.

தம்பி ஆபீஸில் இப்போது ஐ5-8500 மிஷின்களைக் கழிக்கிறார்களாம். ஆறு கோர், அதிகபட்சம் 4.1 கிகாஹெர்ட்ஸ். கோர் எண்ணிக்கை எனக்கு வேண்டாம், அந்த 4.1 வேண்டும். ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். எஸ்எஸ்டி, மானிட்டர்கள், மவுஸ், யூபிஎஸ் அப்படியே இதிலிருந்து அதற்குப் போய்விடும். ரேம் போகாது, என்னுடையது டிடிஆர்3, அந்த மிஷினுக்கு டிடிஆர்4 வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் மிஷினின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். டிவிஎஸ் கோல்டுக்கு வட்டத் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.